கால்டரின் கம்பி நகைகள்

அலெக்சாண்டர் கால்டர் (1898–1976), அமெரிக்கச் சிற்பி

காற்றில் அசையும் ‘மொபைல்’ சிற்பங்களால் உலகப் புகழ்பெற்ற கால்டர், தம் வீட்டுக்காகவும் ஓயாமல் உலோகம் வளைத்தார். கனெக்டிகட் மாநிலத்தின் ராக்ஸ்பரியில் 1933இல் வாங்கிய பண்ணை வீட்டுக்குக் கரண்டி முதலான சமையலறைப் பொருள்களைக் கைப்படச் செய்தார்.

எட்டு வயதில், தெருவில் கிடந்த செப்புக் கம்பியால் அக்காவின் பொம்மைகளுக்கு நகை செய்தவர் அவர். வாழ்நாளில் செய்த நகைகள் ஏறத்தாழ 1,800. மனைவி லூயிசாவுக்கு அணிவித்த நிச்சயதார்த்த மோதிரமும் அவர் கைவேலைதான்: தங்கக் கம்பிச் சுருள்.

இந்நகைகளைக் கிட்டத்தில் பார்த்தால் சுத்தியல் தட்டித் தட்டையாக்கிய தடம் தெரியும். பற்றவைப்பு அரிது. கம்பியை வளைத்து, கோத்து, சுற்றிக் கட்டியே இணைத்தார்.

1955இல் அகமதாபாத்தில் சாராபாய் குடும்பத்தின் விருந்தினராகத் தங்கியபோதும் சிற்பங்களோடு நகைகளும் செய்தார்.