உப்பும் வெல்லமும்

வறுமை என்பது பணம் இல்லாமை மட்டுமன்று. மருத்துவம் இருந்தும் அது எட்டாமற்போவதும் வறுமையே. வயிற்றுப்போக்கு, உடலிலுள்ள நீரையும் உப்பையும் வெளியேற்றிவிடும். ஊசி வழியாக நீர்மம் ஏற்றினால் நோயாளி பிழைப்பார். ஆனால், அதற்கு மருத்துவமனையும் பயிற்சி பெற்றோரும் தேவை. ஏழை நாடுகளின் சிற்றூர்களில் இவை அரிதாகவே இருந்தன. எனவே, குழந்தைகள் பெருமளவில் இறந்தனர்.

1960களில் டாக்காவிலும் கொல்கத்தாவிலும் பல நாட்டு ஆய்வாளர்கள் இதற்குத் தீர்வு தேடினர். உப்புடன் சர்க்கரையும் கலந்த நீரைப் பருகக் கொடுத்தால், நோயுற்ற குடலும் அதனை உறிஞ்சிக்கொள்ளும் என்று அவர்கள் கண்டறிந்தனர்.

1971இல் வங்காளதேசப் போரினால் ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்தியாவில் அடைக்கலம் புகுந்தனர். மேற்கு வங்காளத்தின் எல்லையோர ஊரான பன்கானில் காலரா பரவியது. ஏற்றுவதற்குரிய நீர்மம் தீர்ந்துகொண்டிருந்தது. அப்போது மருத்துவர் திலீப் மகலநாபிஸ், உப்பு, குளுக்கோசு, சமையல் சோடா ஆகியவை கரைத்த நீரை நோயாளிகளுக்குக் கொடுக்கச் செய்தார். உறவினர்களே அதனைப் புகட்டினர். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்த நிலை மாறி, இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே குறைந்தது.

பின்னர் உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் இம்முறையைப் பல நாடுகளுக்குக் கொண்டுசென்றன. ஆயினும், உப்புக்கரைசல் பொட்டலம் எல்லாக் குடிசைகளையும் சென்றடையவில்லை. ஆகவே, வங்காளதேசத்தின் பிராக் தொண்டு நிறுவனம் 1980 முதல் பெண் பணியாளர்களை வீடுதோறும் அனுப்பியது. மூன்று விரல்களால் எடுத்த உப்பு, ஒரு பிடி வெல்லம், ஏறத்தாழ அரை லிட்டர் நீர் ஆகியவற்றைக் கலக்கும் முறையை அவர்கள் தாய்மார்களுக்குக் கற்பித்தனர். தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார் என்று பின்னர் சோதித்து, அதற்கேற்பவே ஊதியம் வழங்கப்பட்டது. பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் இதனைக் கற்றன.

இன்றும் வயிற்றுப்போக்கு ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான குழந்தைகளின் உயிரைப் பறிக்கிறது. தூய குடிநீரும் கழிப்பறையும் எல்லார்க்கும் கிடைக்கும்வரை இத்துன்பம் முற்றும் நீங்காது. அதனால்தான், 2030ஆம் ஆண்டுக்குள் எய்த வேண்டும் என ஐக்கிய நாடுகள் அவை வகுத்த 17 இலக்குகளுள் அவையும் இடம்பெற்றுள்ளன. உதவி என்பது பொருளை அளிப்பதோடு நிறைவுறுவதில்லை. தேவைப்படுவோர் கையில் அறிவாகச் சேரும்போதே அது நிலைக்கிறது.

அருஞ்சொற்பொருள்
அடைக்கலம் – பாதுகாப்பு தரும் இடம்
எய்துதல் – அடைதல்

சிந்தித்து விடை எழுதுக
1. பணியாளரின் ஊதியம் தாயின் நினைவாற்றலைக் கொண்டு முடிவு செய்யப்பட்டது ஏன்?
2. உப்புக்கரைசல் இருந்தும் தூய குடிநீர் தேவைப்படுவது எதனால்?