மாசி: சிட்டிகையில் அடங்கிய ஊட்டம்

மாசிக் கருவாட்டை மணத்திற்காகச் சேர்க்கும் பொருளாகவே நம் இல்லங்களில் பலரும் கருதுகின்றனர். சம்பலில் ஒரு சிட்டிகை, ஆணத்தில் ஒரு துண்டு என்பதோடு அதன் பணி முடிந்துவிடுகிறது. உண்மையில், இறைச்சி வாங்க இயலாத நாள்களில் குடும்பத்தின் புரதத் தேவைக்குக் கைகொடுக்க வல்லது அது.

மாசிக்குப் பெயர்பெற்றது மாலத்தீவு. அங்கும், லட்சத்தீவைச் சேர்ந்த மினிக்காயிலும் தூண்டிலில் பிடிக்கும் சூரை மீனைத் துப்புரவு செய்து, சதையை நீளவாக்கில் பிளந்து, வேகவைத்து, புகையூட்டி, கட்டைபோல் இறுகும்வரை வெயிலில் உலர்த்துவர். 1343ஆம் ஆண்டு மாலத்தீவுக்குச் சென்று அங்கே காழியாகப் பணியாற்றிய இப்னு பதூதா, இம்மீனை ஓலைக் கூடைகளில் இட்டுப் புகையில் தொங்கவிடும் முறையையும், அது இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் ஏற்றுமதியானதையும் குறித்துவைத்துள்ளார்.

நீர் வற்றிவிடுவதால், நன்கு உலர்ந்த மாசியின் எடையில் பாதிக்கும் மேல் புரதமே. 20 கிராம் தூளில் ஒரு முட்டையில் உள்ளதைவிட மிகுதியான புரதம் கிடைக்கும். பி12, நியாசின், செலினியம் ஆகியனவும் உள்ளன, கொழுப்போ குறைவு.

துண்டுகளைக் கழுவித் துடைத்து, வெயிலில் காயவைத்து இடித்துக்கொள்க. தேங்காய்த் துருவல், வறுத்த மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு ஆகியவற்றுடன் இடித்து, எலுமிச்சைச் சாறு பிழிந்தால் சம்பல் ஆயத்தம். முருங்கைக்கீரைப் பொரியலிலும் பருப்பிலும் இத்தூளைத் தாராளமாகச் சேர்க்கலாம். இலங்கையில் சீனிச் சம்பலுக்குச் சுவை தருவதும் இதுவே. ஸஹர் நேரத்தில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள, முன்னரே செய்துவைத்த மாசிப்பொடி பேருதவியாகும்.

ஆயினும் கவனம் தேவை. பிடித்த சூரை மீன் வெப்பத்தில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் என்னும் நச்சுத்தன்மையுள்ள பொருள் பெருகும்; சமைப்பதால் அது அழியாது. உண்டதும் முகம் சிவத்தல், அரிப்பு, தலைவலி தோன்றினால் மருத்துவரை நாடுக. மூச்சுத்திணறல் இருப்பின் சிறிதும் தாமதிக்கலாகாது. பூஞ்சணம் பிடித்ததையும், பிசுபிசுப்பானதையும் வாங்காதீர். ஈரமற்ற கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி வையுங்கள். உப்பிட்டுப் பதப்படுத்திய மாசியைச் சேர்க்கும்போது கறியில் உப்பைக் குறையுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவோடு உண்பதே நலம்.