வடசென்னைக் கானாவில் பாடகர் உருவாக்கமும் பெண்குரலும் – இராயபுரம் இசைவாணியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

வடசென்னை உழைக்கும் மக்களின் பாட்டு வடிவமான கானாவில் ஒருவர் பாடகராக அறியப்படுவதற்குச் சில படிநிலைகள் உள்ளன. இறப்பு வீட்டு இரவு, தெருமேடை, ஒலிப்பதிவு, திரைப்படம் என அமையும் அப்படிநிலைகளுள் முதலாவது நெடுங்காலம் ஆண்களுக்கே உரியதாக இருந்து வந்துள்ளது. அந்நிலையில், இராயபுரத்தைச் சேர்ந்த இசைவாணி எவ்வழியில் கானாப் பாடகராக உயர்ந்தார் என்பதையும், அவ்வுயர்வு கானாவின் ஆக்கவுரிமை குறித்து எழுப்பும் வினாக்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கானா, வடசென்னை, ஒப்பாரி, இசைவாணி, தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், ஆக்கவுரிமை.

முன்னுரை

நாட்டார் பாடல்களை ஆசிரியர் பெயரற்ற பொதுச்சொத்தாகக் கருதுவது ஆய்வுலகில் நெடுநாள் வழக்கம். கானா இவ்வழக்கிற்கு முழுமையாக உட்படுவதில்லை. வாய்மொழியாகப் பரவினும் அதனைக் கட்டியவர், பாடியவர், அவர் வாழும் பகுதி ஆகியன கேட்போரால் நினைவில் வைக்கப்படுகின்றன. புளியந்தோப்பு, வியாசர்பாடி, காசிமேடு, இராயபுரம் என ஒவ்வொரு பகுதியும் தனக்குரிய பாடகர்களைக் கொண்டுள்ளது. ஆகவே கானாப் பாடகரைத் தம் பாட்டைத் தாமே கட்டிப் பாடும் கலைஞர் என்னும் வகையிலேயே அணுக வேண்டியுள்ளது. இவ்வணுகுமுறையில் எழும் முதன்மையான வினா, அப்பெயரைப் பெறும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது என்பதாகும்.

களமும் பாட்டும்

1856-இல் இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் புறப்பட்டது. துறைமுகம், இரயில்வே பணிமனைகள், பெரம்பூர் பக்கிங்காம் – கர்நாட்டிக் ஆலைகள் ஆகியன வடசென்னையைத் தொழிலாளர் வாழிடமாக்கின. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதும், 1921-இல் ஆலைத் தொழிலாளர் நெடிய வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டதும் இப்பகுதியின் வரலாற்றில் முக்கியமானவை. அவ்வாலைகள் 1990களில் மூடப்பட்டன. எண்ணூரின் அனல்மின் நிலையமும் துறைமுகமும், மணலியின் சுத்திகரிப்பு ஆலையும், மாதவரத்தின் பால்பண்ணையும் சரக்குந்து நிறுத்தங்களும் தொழிற்பகுதியை மேலும் வடக்கே விரித்தன. 2011-இல் திருவொற்றியூர், கத்திவாக்கம், மாதவரம் உள்ளிட்ட நகராட்சிகள் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன.

தமிழ், தெலுங்கு, உருது பேசுவோர் ஒருங்கே வாழ்ந்த இக்களத்தின் பேச்சுமொழியே கானாவின் மொழி. இராயபுரத்தில் அடக்கமான சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபு பாடல்களோடும் சித்தர் பாடல்களோடும் கானாவை இணைத்துப் பேசும் மரபு பாடகர்களிடையே உண்டு. வாழ்வின் நிலையாமையைப் பாடும் மரண கானாவில் இவ்வுறவு தெளிவாக வெளிப்படுகிறது. காதல், கேலி, சிறைவாழ்வு, நோய், அண்ணல் அம்பேத்கர் புகழ் எனக் கானாவின் பாடுபொருள் விரிவானது. சட்டி, பறை, டோலக் முதலியவற்றோடு, கருவி கிடைக்காதவிடத்து மேசைப்பலகையும் தட்டும் தாளமாயின.

பாடகராக அறியப்படும் படிநிலைகள்

கானாப் பாடகரின் பயிற்சிக்களம் இறப்பு வீடு. உடலை வைத்திருக்கும் இரவிலும், கருமாதிக்கு முந்தைய இரவிலும் விடியும்வரை பாட்டு நிகழும். இறந்தவர் பெயரையும் உறவினர் பெயர்களையும் இணைத்து உடனுக்குடன் பாடல் கட்டும் திறன் அங்கு சோதிக்கப்படுகிறது. ஒருவர் நிறுத்திய இடத்தில் மற்றவர் தொடங்க வேண்டும். கேட்போர் அழவும் சிரிக்கவும் வேண்டும். இத்தேர்வில் நிலைத்தவரே அடுத்த தெருவிற்கு அழைக்கப்படுவார்.

இரண்டாம் படிநிலை திருமணம், கோயில் விழா, அம்பேத்கர் பிறந்தநாள் ஆகியவற்றின் மேடை. மூன்றாவது ஒலிநாடா, குறுந்தகடு, பின்னர் யூடியூப் என அமைந்த பதிவுவழிப் புகழ். நான்காவது திரைப்படம். 1990களில் இசையமைப்பாளர் தேவா கானா மெட்டுகளைத் திரையில் பரவலாக்கினார். ‘காதல் கோட்டை’ (1996) படத்தில் அவரே பாடிய பாடல் இதற்குச் சான்று. கானா உலகநாதன் ‘சித்திரம் பேசுதடி’ (2006) வழியாகவும், சட்டம் பயின்ற கானா பாலா ‘அட்டகத்தி’ (2012) வழியாகவும் தமிழகமெங்கும் அறியப்பட்டனர். மெட்டு மட்டும் திரைக்குச் சென்ற நிலை மாறி, மெட்டுக்குரிய பாடகரும் பெயருடன் சென்ற நிலையை இவ்விருவரிடமும் காணலாம்.

ஒப்பாரியும் கானாவும்

மேற்கண்ட நான்கு படிநிலைகளிலும் பெண் பெயர்கள் அரிதாயிருப்பது கருதத்தக்கது. அதே இறப்பு வீட்டில் பெண்கள் பாடாமல் இருந்ததில்லை. பகலில் உடலைச் சூழ்ந்தமர்ந்து அவர்கள் பாடும் ஒப்பாரியும் இறந்தவர் பெயரையும் உறவையும் சொல்லி அப்போதே கட்டப்படுவதுதான். ஆக்கத்திறன் என்ற அளவில் இரண்டிற்கும் வேறுபாடு குறைவு. ஆயினும் சமூகம் அவற்றை இருவேறு நிலைகளில் வைக்கிறது. ஒப்பாரி உறவின் கடமையாகக் கொள்ளப்படுகிறது. கானா கலையாகக் கொள்ளப்படுகிறது. ஒப்பாரி பாடியவள் மகளாகவோ மருமகளாகவோ வீடு திரும்புகிறாள். கானா பாடியவர் பாடகர் என்னும் பெயரோடு வீடு திரும்புகிறார். இரவு முழுதும் ஆண்கள் கூடும் இடத்தில் இளம்பெண் அமர்ந்து பாடுவதைக் குடும்பங்கள் விரும்பாமையால், அப்பெயருக்கான முதல் வாயில் பெண்களுக்கு அடைபட்டிருந்தது.

இசைவாணி தேர்ந்த வழி

இராயபுரத்தில் பிறந்த இசைவாணி, தாமாகவே இசை கற்ற தந்தையிடம் பயின்று, சிறுவயது முதலே மேடைகளில் பாடியவர். அதாவது, இறப்பு வீட்டு இரவு என்னும் முதல் படிநிலையைக் கடந்து வராமல், இரண்டாம் படிநிலையான மேடையில் தொடங்கியவர். மேடை மெல்லிசைக் குழுக்களில் பெண்குரலுக்கு எப்போதும் இடமுண்டு. அங்கு திரைப்பாடல்களைப் பாடும் பெண் விரும்பி ஏற்கப்படுகிறாள். அவ்விடத்திலிருந்து கானாவிற்கு நகர்வதே கடினமானது. ஆண் பாடகர்களின் தடித்த குரலோடும் உரத்த உச்சரிப்போடும் பிணைந்த ஒரு வடிவத்தைப் பெண் பாடினால் கேட்போர் ஏற்பார்களா என்னும் ஐயத்தை அவர் எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

இந்நிலையில் 2017-இல் இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் இணைந்து ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவை உருவாக்கினர். இப்பெயர், தம் மக்களைச் சாதிபேதமற்றவர்களாகப் பதிவு செய்ய வலியுறுத்திய அயோத்திதாசப் பண்டிதரின் (1845–1914) சிந்தனையை அடியொற்றியது. குழுவின் முதல் நிகழ்ச்சி 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் நடைபெற்றது. அம்மேடையில் இடம்பெற்ற ஒரே பெண் பாடகர் இசைவாணி.

இக்குழுவின் இசையமைப்பு அவருக்குச் சாதகமாக அமைந்தமையும் கவனிக்கத்தக்கது. இறப்பு வீட்டுக் கானாவில் பாடகர் தமக்கு இயைந்த சுருதியில் தொடங்க, தாளம் அவரைப் பின்தொடரும். பாடலின் நீளம் இரவின் போக்கிற்கு ஏற்ப நீளும், சுருங்கும். பறை, சட்டி ஆகியவற்றோடு கிதார், பேஸ் கிதார், டிரம்ஸ் ஆகியன இணையும்போது சுருதி முன்கூட்டியே நிறுவப்படுகிறது; பாடலுக்குத் தொடக்கமும் முடிவும் வரையறுக்கப்படுகின்றன. மரபில் வளர்ந்த பாடகர்க்கு இது கட்டுப்பாடு. மேடை மெல்லிசையில் பயின்ற குரலுக்கோ இது பழகிய முறை. கிதாரின் இசைவு ஒலிகள் மெட்டின் பின்னணியை நிரப்பியதால், குரலின் தடிப்பு ஒன்றே கானாவின் அடையாளம் என்னும் எண்ணமும் தளர்ந்தது. அதே வேளையில், உடனுக்குடன் கட்டும் தன்மை குறைந்தது. கானாவின் ஓர் உயிர்க்கூறு இழக்கப்பட்டது என்பதையும் மறுப்பதற்கில்லை.

2020-இல் பிபிசி வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் இசைவாணியின் பெயர் இடம்பெற்றது. ஆண்களின் ஆதிக்கம் மிகுந்த கானாக் களத்தில் பல்லாண்டுகள் பாடி வந்தமையே அதற்குக் காரணமாகக் குறிப்பிடப்பட்டது. அதே ஆண்டின் டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ விழா, சபாக்களின் இசைப்பருவமான மார்கழியில் கானாவிற்கும் பறைக்கும் ஒப்பாரிக்கும் மேடை தந்தது. பகலும் இரவுமாகப் பிரிந்து கிடந்த ஒப்பாரியும் கானாவும் ஒரே விழாவில் கலைகளாக அறிவிக்கப்பட்டமை இவ்வாய்வு நோக்கில் குறிப்பிடத்தக்கது.

ஆக்கவுரிமையும் பழியும்

புகழ் விரியும்போது பெயர் யாருக்கு என்னும் வினா கூர்மையடைகிறது. இக்குழுவில் இடம்பெற்ற அறிவு, பாடகி தீயுடன் இணைந்து பாடி 2021 மார்ச்சில் வெளியான ‘எஞ்சாயி எஞ்சாமி’ இதற்கு எடுத்துக்காட்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் நினைவுகளிலிருந்து அப்பாடல் பிறந்ததாக அறிவு கூறினார். அவ்வாண்டு ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டைப்படத்தில் அறிவு இடம்பெறாமை கண்டனத்திற்குள்ளானது. 2022-இல் சென்னைச் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவரின்றி அப்பாடல் நிகழ்த்தப்பட்டபோது, பாடலாக்கத்தில் எவர் பங்கு எவ்வளவு என்பது குறித்து அறிவும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் வெவ்வேறு விளக்கங்களை வெளியிட்டனர். வாய்மொழி மரபில் வேர்கொண்ட பாடல் வணிகப் பதிவாகும்போது, சொல், மெட்டு, குரல், இசைக்கோப்பு என ஆக்கம் பகுக்கப்படுவதும் அப்பகுப்பே பூசலாவதும் இங்குப் புலனாகின்றன.

இசைவாணியின் பட்டறிவு இதன் மறுபுறத்தைக் காட்டுகிறது. பெண்களின் கோயில் நுழைவு பேசுபொருளாயிருந்த 2018-ஆம் ஆண்டுச் சூழலில் குழு உருவாக்கிய, ஐயப்பனை விளிக்கும் பாடல் ஒன்று, ஆறாண்டுகளுக்குப் பின் 2024 நவம்பரில் சமூக ஊடகங்களில் மீண்டும் பரவியது. சமய உணர்வைப் புண்படுத்துவதாகக் காவல்துறையில் புகார்கள் அளிக்கப்பட்டன. அது குழுவின் கூட்டுப்படைப்பு என நீலம் பண்பாட்டு மையம் விளக்கமளித்தது. எனினும் எதிர்ப்பின் பெரும்பகுதி பாடிய பெண்ணையே சூழ்ந்தது. கூட்டாக உருவான பாடலின் புகழ் பலருக்கும் பங்கிடப்பட, அதன் பழி ஒரு முகத்தின்மீது மட்டும் சுமத்தப்பட்டது. பெயரற்ற ஒப்பாரியில் இத்தகைய இடர் இல்லை. பெயர் பெற்ற பெண் கலைஞர் அதனையும் சேர்த்தே ஏற்க வேண்டியவராகிறார்.

முடிவுரை

கானாவில் பாடகர் என்னும் பெயர் இறப்பு வீட்டு இரவில் தொடங்கி மேடை, பதிவு, திரை எனப் படிப்படியாக உறுதிப்படுகிறது. முதற்படிநிலை மறுக்கப்பட்ட நிலையில், மேடை மெல்லிசையிலும் கூட்டு இசைக்குழுவிலும் தம் இடத்தை அமைத்துக்கொண்டவர் இசைவாணி. அவ்வழி பெண்குரலைக் கானாவிற்குள் கொணர்ந்தது. இறப்பு வீட்டின் வாயிலைத் திறந்துவிட்டதாகக் கூற இயலாது. மேடைக்கு வராத, இன்றும் ஒப்பாரியாகவே கேட்கப்படும் பெண்களின் பாட்டுகள் இராயபுரம் முதல் மாதவரம் வரை உள்ளன. அவற்றைப் பதிவுசெய்யும் களஆய்வாளர், கட்டிப் பாடிய பெண்ணின் இசைவுடன் அவர் பெயரையும் சேர்த்துப் பதிவுசெய்வது, கானா ஆய்வு அடுத்துச் செய்யத்தக்க பணியாகும்.