மின்சாரக் காரில் எரியும் மஞ்சள் விளக்கு – ஓர் ஆராய்ச்சி

சங்க மலருக்கு வழக்கம்போல் கல்வெட்டு பற்றியோ சமணக் காப்பியம் பற்றியோ எழுதுவேன் என்று அன்பர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். இம்முறை கார் விளக்கு பற்றி எழுதுகிறேன். நம் குடும்பங்கள் பலவற்றில் மின்சாரக் கார் வந்துவிட்டது. அதன் விளக்குகளைப் படிக்கத்தான் பலருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

சென்ற ஐப்பசி மழையில் திருப்பதியிலிருந்து காளஹஸ்திக்கு வந்துகொண்டிருந்தோம். மருமகள் ஓட்டினாள், பின்னால் நானும் பேரனும். ஏர்ப்பேடு தாண்டியதும், சறுக்கிப்போகும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. "மாமா, பிரேக் ஒரு மாதிரி இருக்கு" என்றாள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் தானே வேகம் குறையும் வண்டி, அன்று குறையாமல் ஓடியது. எதிரே லாரி நின்றது. பிரேக்கை அழுத்தி மிதித்து நிறுத்தினாள்.

அந்த விளக்கு டிராக்‌ஷன் கன்ட்ரோல் என்னும் சறுக்கல் தடுப்புக்கு உரியது. நான்கு சக்கரத்திலும் ஒவ்வொரு சென்சார் உண்டு. சக்கரம் சுற்றும் வேகத்தை அது ஓயாமல் சொல்லும். ஏபிஎஸ் பிரேக்குக்கும் இதே சென்சார்கள்தான். ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1978இல் மெர்சிடிஸ் பென்ஸ் காருக்குக் கொடுத்த அந்த ஏபிஎஸ், 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கும் புதுக் கார்களுக்கெல்லாம் கட்டாயம். இழுக்கும் சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றினால், அது ஈரத்திலோ மணலிலோ வழுக்குகிறது என்று பொருள். உடனே கன்ட்ரோல் யூனிட் மோட்டாரின் வலுவைக் குறைக்கும், தேவையானால் அந்தச் சக்கரத்துக்குப் பிரேக்கும் போடும். மின்சார மோட்டார் நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசை தருவதால் இந்த வண்டிகளுக்கு இது ரொம்ப அவசியம்.

விளக்கு சிமிட்டினால் பயம் வேண்டாம். தடுப்பு வேலை செய்கிறது. நின்று எரிந்தால், யாரோ சுவிட்சை அணைத்திருக்கணும், இல்லையேல் பழுது. பழுதானால், பிரேக் போடும்போது மின்சாரத்தை பேட்டரிக்குத் திருப்பும் ஏற்பாட்டையும் பல வண்டிகள் நிறுத்திவிடும். சக்கரம் பூட்டிக்கொள்கிறதா என்று தெரியாமல் மோட்டாரால் பிடிப்பது ஆபத்து அல்லவா? மருமகள் உணர்ந்தது அதைத்தான். சாதாரண பிரேக் இருக்கும். கூடவே ஏபிஎஸ் விளக்கும் எரிந்தால் ஈரத்தில் சக்கரம் பூட்டிக்கொள்ளலாம், மெதுவாகப் போகணும். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்தால் ஓரங்கட்டி நிறுத்திவிடணும்.

மறுநாள் ஒரு பட்டறையில் காட்டினோம். பெயர் வேண்டாம். பார்த்த மாத்திரத்தில், "ஏபிஎஸ் யூனிட் போச்சு, மாத்தணும்" என்று நாற்பதாயிரத்துக்கு மேல் கணக்குச் சொன்னார்கள். எனக்கு மணிமேகலையின் 29ஆம் காதை நினைவுக்கு வந்தது. அளவை நூலார் ஏதுப்போலி என்பதை அங்கே விரித்திருக்கிறார்கள். மலையில் புகை கண்டால் நெருப்பு உண்டெனலாம். எந்த விறகு எரிகிறது என்று சொல்ல முடியாது. எங்கள் சமணத்தின் அநேகாந்தம் சொல்வதும் இதற்கு அருகில்தான். ஒரே விளக்குக்குப் பல காரணம் இருக்கலாம். மூன்று பழைய டயரோடு ஒன்று மட்டும் புதுசு, அளவு மாறிய டயர், காற்றுக் குறைவு, ஸ்டியரிங் கோண சென்சார் நிலை தவறியது, எல்லாமே இதை எரிய வைக்கும். பெரிய பேட்டரி இருக்கையில் 12 வோல்ட் பேட்டரி எதற்கு என்று பலர் கேட்பார்கள். கம்ப்யூட்டர்களை எழுப்புவதே அதுதான். அது தளர்ந்தால் நாலைந்து விளக்கு ஒன்றாக எரியும்.

ஆகவே, "முதலில் கோடு என்ன?" என்று கேட்டேன். ஸ்டியரிங்குக்குக் கீழேயுள்ள சாக்கெட்டில் ஸ்கேனர் மாட்டினால் கோடு வரும். மலிவான கருவிகள் பல, பிரேக் பகுதிக் கோடுகளைப் படிக்காது. நல்ல ஸ்கேனர் வேண்டும். கோடை முதலிலேயே அழித்துவிடவும் கூடாது, சாட்சி போய்விடும். எங்கள் வண்டியில் வந்தது சி0045: பின் இடது சக்கர சென்சார். ஸ்கேனர் திரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஓட்டினோம். மூன்று சக்கரம் 20 காட்டியது, அது மட்டும் 0. யூனிட்டைக் குற்றம் சொல்ல இனி என்ன நியாயம்?

வண்டியைத் தூக்கிச் சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்தால், சென்சார் ஒயர் கடிபட்டுத் தொங்குகிறது. எலி! இரவில் வண்டி நிற்பது எங்கள் வேர்க்கடலை குடோன் சுவரோரம். (சிலந்தி, பாம்பு, யானை மூன்றும் வழிபட்டதால் பெயர் பெற்ற ஊர் இது, நாலாவது பிராணிக்கு என் காரே கிடைத்தது.) பட்டறைப் பையன் ஒயரோடு புது சென்சார் மாட்டினான். சில ஆயிரத்தோடு முடிந்தது. கோடை அழித்துக் கொஞ்ச தூரம் ஓட்டியதும் விளக்கு அணைந்தது. ஆரஞ்சு நிறக் கேபிள் பக்கம் மட்டும் வீட்டில் யாரும் கை வைக்காதீர்கள், உயிர்போகும் மின்சாரம் அது.

"விஷம் வைங்க சாமி" என்று எல்லோரும் சொன்னார்கள். அது எங்களால் ஆகாது. வண்டியை வெளிச்சமுள்ள வாசலுக்கு மாற்றினேன், மூட்டைகளைச் சுவரைவிட்டு இரண்டு அடி தள்ளி அடுக்கினேன், கூண்டு வைத்தேன். இதுவரை ஐந்து எலிகளைச் சுவர்ணமுகி மணலில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். மருமகள் வாரம் ஒருமுறை டார்ச் எடுத்து நான்கு சக்கர ஒயரையும் பார்த்துவிடுகிறாள்.