மாடு மூச்சுத் திணறும்போது

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் மண்சரிவுகளும் மலையகத்தில் பல குடும்பங்களை இடம்பெயரச் செய்தன. அப்படி வந்த குடும்பத்துக்கு மிஞ்சிய சொத்து ஒரு பசுவாகவே இருக்கலாம். இடம் மாறும்போது அதன் தீனும் மாறுகிறது. கையில் கிடைத்த ஈரப் புல்லையும், நுவரெலியாப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களில் கழிக்கும் கோவா இலை, கரட், உருளைக்கிழங்கையும் போடுகிறோம். ஆபத்து இதில்தான் இருக்கிறது.

ஓய்வாக நிற்கும் பெரிய மாடு நிமிடத்திற்குச் சுமார் 10 முதல் 30 தடவை மூச்சு விடும். கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, நாக்கை வெளியே தள்ளி மூச்சு வாங்கினால் அது அவசரம். உடனே அரச கால்நடை வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும். அவர் வரும்வரை நாம் மூன்று விடயங்களைப் பார்ப்போம்.

1. எச்சில் ஒழுகி, தீன் மூக்கால் வருகிறதா?

கிழங்கு தொண்டையில் இறுகியிருக்கலாம். எண்ணெய், தண்ணீர் எதுவும் பருக்கக் கூடாது. தடியால் தள்ளினால் உணவுக்குழாய் கிழியும். விசர் நோயிலும் எச்சில் ஒழுகும். ஆகவே வாய்க்குள் கையை விட வேண்டாம்.

2. இடது வயிறு உப்பியிருக்கிறதா?

வாயு வெளியேறாமல் இரைப்பை பெருத்து நெஞ்சறையை அழுத்துகிறது. நுரையீரல் விரிய இடமில்லை. சில மணி நேரத்தில் மாடு இறக்கலாம். தீனை நிறுத்தி, மேட்டுப் பக்கம் தலை இருக்கும்படி நிறுத்துங்கள். ஒரு தடியை வாய்க்குக் குறுக்கே கட்டினால், மாடு அதை மெல்லும்போது ஏப்பம் வரும். தொண்டை அடைக்காத, நன்றாக விழுங்கும் பெரிய மாட்டுக்கு 250 மில்லிலீற்றர் தேங்காய் எண்ணெயைச் சிறிது சிறிதாகப் பருக்கலாம். தலையை அதிகம் உயர்த்தக் கூடாது. இருமினால் நிறுத்துங்கள்; எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அதுவே உயிரைக் குடிக்கும். வயிற்றில் துளையிடுவது வைத்தியரின் வேலை.

3. வயிறு உப்பாமல் காய்ச்சல் இருக்கிறதா?

இருமலும் சளியும் இருந்தால் நுரையீரல் நோயாக இருக்கலாம். தொண்டை வீங்கினால் தொண்டை அடைப்பான் என்று சந்தேகிக்க வேண்டும். அது ஒரே நாளில் கொல்லக்கூடியது. மற்ற மாடுகளைப் பிரித்து, தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

வருமுன் காப்பது எளிது. கிழங்கையும் கரட்டையும் சிறு துண்டுகளாக வெட்டிப் போடுவோம். ஈரப் புல்லை வாட விட்டுக் கொடுப்போம். புதுத் தீனை ஒரேயடியாகப் போடாமல், ஓரிரு வாரத்தில் மெல்லப் பழக்குவோம்.