தெளிந்த நீரும் தூய நீரும்



உதகமண்டலத்து ஏரிக்கரையில் காலைப் பனி விலகும் வேளையில் நிற்பவர்கள், இதனினும் தூய நீர் வேறெங்கும் இராது என்றே எண்ணுவார்கள். இளமையில் நானும் அவ்வாறே எண்ணினேன். மலை ஓடைகளைத் தடுத்து, 1823 முதல் 1825க்குள் கலெக்டர் ஜான் சலிவன் உண்டாக்கிய ஏரி அது. நகரம் வளர வளர, அதன் கழிவு நீர் கோடப்பமந்துக் கால்வாய் வழியாக அந்த ஏரியிலேயே வந்து கலந்தது. கண்ணுக்கு அழகாயிருப்பது வேறு, உடலுக்குத் தீங்கற்றதாயிருப்பது வேறு என்பதை எனக்குக் கற்பித்தது அந்த ஏரியே.

இந்தப் பாடம் நீச்சல் குளத்துக்கும் பொருந்தும். ஓடும் ஆற்றில் அழுக்கை நீரோட்டம் கொண்டு போகிறது. நீச்சல் குளத்திலோ அதே நீர்தான் வடிகட்டப்பட்டு மீண்டும் மீண்டும் வருகிறது. நூறு பேர் இறங்கினால் நூறு பேருடைய வியர்வையும் எச்சிலும் அதில் சேர்கின்றன. மணல் வடிகட்டி அழுக்கைப் பிடிக்கிறது. குளோரின் கிருமிகளைக் கொல்கிறது.

அப்படியானால் குளோரினைக் கொட்டிவிட்டால் போதுமா? போதாது. நீரில் கலந்த குளோரின் ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்கும்போதுதான் கிருமியை விரைவில் கொல்லும். நீரின் காரத்தன்மை ஏற ஏற அந்த அமிலத்தின் பங்கு குறைகிறது. பி.எச். அளவு 7.5 ஆக இருக்கையில் ஏறத்தாழப் பாதி. 8 ஆனால் கால் பங்குதான். ஆகவே பி.எச். அளவை 7.2க்கும் 7.8க்கும் இடையில் நிறுத்த வேண்டும். செயலாற்றக்கூடிய குளோரின் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குக் குறையாமல் எஞ்சியிருக்க வேண்டும்.

ஒருமுறை சுகாதார ஆய்வாளர் ஒருவருடன் மலைமேலுள்ள குளம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். அவர் முதலில் ஆழமான பகுதியின் ஓரத்தில் நின்று, அடியிலுள்ள வடிகால் மூடி தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்தார். கலங்கிய நீரில் குழந்தை மூழ்கினால் யார் கண்ணிலும் படாது என்றார். பின்பு சிறு கண்ணாடிக் குழாயில் நீரை முகந்து மாத்திரை ஒன்றை இட்டார். குளோரின் போதிய அளவு இருந்தால் நீர் நன்கு சிவந்திருக்கும். அன்று நிறமே மாறவில்லை. பதிவேட்டைத் திறந்தால், வாரம் முழுவதும் ஒரே எண்; மறுநாளுக்குரிய கட்டத்திலும் அதே எண்!

“இந்தக் குளிரில் கிருமி எங்கே ஐயா பிழைக்கப் போகிறது?” என்றார் காவலாளி.

“குளிரில் குளோரினும் மெதுவாகத்தான் வேலை செய்யும்” என்று ஆய்வாளர் அமைதியாகச் சொல்லி, குளத்தை மூடச் செய்தார். நீந்த வந்திருந்த சிறுவர்கள் முகம் வாடித் திரும்பினார்கள்.

அந்த ஆய்வாளரின் கண்டிப்பு மிகையன்று. 2024இல் கேரளத்தில் குளத்திலும் ஆற்றிலும் குளித்த சிறுவர் சிலர், மூளையைத் தாக்கும் அமீபாவால் உயிரிழந்தனர். அந்த அமீபா வெதுவெதுப்பான நீரில்தான் பெருகும். எனினும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் பலவற்றுக்கு நம் மலைக் குளிர் ஒரு தடையன்று. கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி, முறையாகக் குளோரின் இட்ட நீரிலும் சில நாள் உயிர் வாழும். அதைத் தடுக்க ஆய்வாளரால் மட்டும் ஆகாது. வயிற்றுப்போக்கு உள்ளவர் குளத்தில் இறங்காதிருப்பதே வழி.

இன்னொன்றும் அறிந்துகொள்ளுங்கள். குளத்தருகே மூக்கைத் துளைக்கும் நெடி வீசினால், குளோரின் மிகுதி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் கூடி உண்டாகும் குளோரமைன்களின் நெடி. கண் எரிவதும் பெரிதும் அவற்றாலேயே.

ஆகவே இறங்குமுன் சோப்பிட்டுக் குளியுங்கள். நீரின் அளவுகளை எழுதிய பலகை எங்கே என்று கேளுங்கள். அடித்தளம் தெரியாத குளத்தில் இறங்காதீர்கள். அன்று வாடித் திரும்பிய சிறுவர்கள், இரண்டு நாள் கழித்து அதே குளத்தில் ஆனந்தமாக நீந்தியதையும் நான் கண்டேன்.