விலை அதிகம்னா நல்ல பேட்டா? கைக்கு 'செட்' ஆகும் ராக்கெட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் 'பேட்மிண்டன்' என்றால் பெரியவர்களுக்கு ஞாபகம் வருவது மஞ்சள் கம்பளிப் பந்துதான். பக்கத்துத் தஞ்சாவூரில் பிறந்த பூப்பந்து அது. அந்தப் பந்து 27 முதல் 30 கிராம். ஷட்டில் காக்கோ சுமார் 5 கிராம்தான். அதனால்தான் ஷட்டில் பேட், பூப்பந்து பேட்டில் ஏறக்குறைய பாதி எடைதான் இருக்கும்.

சரி, கடையில் எதைப் பார்க்கணும்?

எடை: '4யு' என்றால் 80-84 கிராம், '3யு' என்றால் 85-89 கிராம். புதிதாக ஆடுபவர்களுக்கு 4யு வசதி.

பேலன்ஸ்: ஒரே எடையுள்ள இரண்டு பேட் வேறு வேறு மாதிரி தோன்றக் காரணம் இதுதான். பேட்டை விரல் மேல் படுக்க வையுங்கள். கைப்பிடி அடியிலிருந்து சுமார் 29.5 செ.மீ. தாண்டி நின்றால், தலை கனம். ஸ்மாஷ் பலமாக விழும். ஆனால் தோள் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

ஸ்ட்ரிங்: சாம்பியன்கள் மாதிரி 28 பவுண்டு இழுத்துக் கட்டினால், நடுவில் படாத ஒவ்வொரு அடியின் அதிர்வும் முழங்கைக்குப் போகும். ஆபீஸ் முடிந்து ஆடுபவர்களுக்கு 22-24 போதும்.

கடைசியாக ஒன்று: வாங்கும் முன் நண்பரின் பேட்டில் இரண்டு கேம் ஆடிப் பாருங்கள். மறுநாள் காலையில் தோள் வலிக்கிறதா? அது உங்க பேட் இல்லை!